பழைய ஸ்டார் வார்ஸ் பொம்மைகள்: எங்கெல்லாம் ஏமாறுகிறார்கள்?

1977 மே மாதம் ஸ்டார் வார்ஸ் திரைப்படம் வெளியானபோது, அதற்குப் பொம்மை செய்யும் உரிமை சின்சினாட்டியில் இருந்த கென்னர் நிறுவனத்திடம் இருந்தது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகள் தயாராகவில்லை. அதனால் கென்னர் ஓர் அட்டையையும், பொம்மைகளைப் பின்னால் பெற்றுக்கொள்வதற்கான சான்றிதழையும் விற்றுவிட்டு, பொம்மைகளை 1978இல் தபாலில் அனுப்பியது. மூன்றே முக்கால் அங்குல உயரத்தில் வந்த அந்த வரிசைக்குத்தான் இன்று பெரிய மவுசு. தில்லுமுல்லும் அங்கேதான் அதிகம்.

புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் காலின் பின்புறம் பொறித்திருக்கும் ‘ஜி.எம்.எஃப்.ஜி.ஐ. 1977’ (எழுத்துகள் கென்னரின் தாய் நிறுவனப் பெயரின் சுருக்கம்) என்பதைப் பார்த்ததும் மயங்கிவிடுகிறார்கள். அது பதிப்புரிமை ஆண்டு மட்டுமே. அதே பொம்மைகள் எண்பதுகளிலும் விற்பனையில் இருந்தன. அந்த எண்ணைக் காட்டி ‘முதல் வெளியீடு’ என்று யாராவது விலையை ஏற்றினால் நம்ப வேண்டாம்.

அதைவிடப் பெரிய தவறு, பொம்மையை மட்டும் பார்த்துவிட்டு அதன் உடுப்பையும் ஆயுதத்தையும் கவனிக்காமல் விடுவது. படத்தில் வரும் குள்ள வேற்றுலகவாசியான ஜாவாவையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்தக் குள்ளப் பொம்மை வினைல் என்ற பிளாஸ்டிக்கில் செய்த அங்கியோடு வந்தது. சீக்கிரமே துணி அங்கிக்கு மாற்றிவிட்டார்கள். துணி ஜாவா சாதாரணமாகக் கிடைக்கும், வினைல் ஜாவாவுக்கோ பல மடங்கு விலை. படத்தில் வரும் முதியவர் பென் கெனோபியின் பொம்மைக்கும் வினைல் அங்கிதான். அதைக் கத்தரித்து ஜாவாவுக்கு மாட்டி விற்பது பழைய வித்தை. அங்கியின் ஓரங்களையும் கைத் துளைகளையும் லென்ஸ் வைத்துப் பார்த்து, உறுதி செய்யப்பட்ட ஒன்றின் படத்தோடு ஒப்பிட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். விற்பவர் கிட்டத்தில் எடுத்த படம் தர மறுத்தால், சரி, அப்படியே நகர்ந்துவிடலாம்.

பொம்மைகளோடு வரும் குட்டித் துப்பாக்கிகளிலும் நகல் ஏராளம். தண்ணீரில் போட்டால் அசல் மிதக்கும், நகல் மூழ்கும் என்பார்கள். மிதக்கும் நகல்களும் வந்துவிட்டதால் அந்தச் சோதனையை மட்டும் நம்ப முடியாது.

வெள்ளைக் கவசம் போட்ட சிப்பாயான ஸ்டார்ம்ட்ரூப்பர் பொம்மை காலப்போக்கில் மஞ்சளாகும். ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு வெளுக்க வைப்பவர்கள் உண்டு. மறுபடியும் மஞ்சளாக வாய்ப்பிருக்கிறது. வெளுத்ததைச் சொல்லாமல் விற்றால் சேகரிப்பாளர்கள் மத்தியில் பெயர் கெட்டுவிடும். என்னைக் கேட்டால் அதை அப்படியே விட்டுவிடலாம், வெயில் படாமல் வைத்தால் போதும்.

அப்புறம், பிரிக்காத பெட்டி என்றாலே புதையல் என்ற நினைப்பு. 1999 மே மாதம் அமெரிக்காவில் கடைகள் நள்ளிரவில் திறந்து, அந்த ஆண்டு வந்த ஸ்டார் வார்ஸ் படமான எபிசோட் ஒன்றின் பொம்மைகளை விற்றன. பின்னால் விலை ஏறும் என்று பலர் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்தார்கள். எல்லோரிடமும் பத்திரமாக இருப்பதால் அவற்றில் பெரும்பாலானவை இன்றும் மலிவுதான்.

கடைசியாக, முதுகிலிருந்து ராக்கெட் சுடும் போபா ஃபெட் என்ற கதாபாத்திரத்தின் பொம்மை. 1979இல் விளம்பரம் செய்தார்கள். ராக்கெட் குழந்தைகளின் தொண்டையில் சிக்கிவிடும் என்ற பயத்தில் விற்பனைக்கே விடவில்லை. மிஞ்சியவை, தயாரிப்புக்கு முன் சோதனைக்காகச் செய்த மாதிரிகள் மட்டுமே. அவற்றில் ஒன்று 2024இல் 5,25,000 டாலருக்கு ஏலம் போனது. ஆகவே ‘சின்ன வயதில் கடையில் வாங்கித் தந்தார்கள்’ என்று ஒருவர் அதைக் கொண்டுவந்தால், மேற்கொண்டு எதையும் விசாரிக்க வேண்டியதில்லை.