அயர்லாந்துக் கதைகளுக்குள் நுழைவது எப்படி? அரைப் பக்கத்தில் தொடங்குங்கள்

அயர்லாந்துக் கதைகளைப் படிக்க எங்கே ஆரம்பிக்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் பெரிய நாவல் எதையும் நீட்டுவதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை நோட்டில் எழுதிய அரைப் பக்கத்தைப் படிக்கச் சொல்வேன். நான் முதலில் பழங்காவியத்தைத் தொட்டு, பெயர்க் குழப்பத்தில் நாற்பதாம் பக்கத்தோடு மூடிவைத்தேன். அடுத்து ஒரு நவீன நாவல். அதில் பாதி விஷயம் எதைப் பற்றிப் பேசுகிறது என்றே விளங்கவில்லை. மூன்றாவது தடவை பிடிபட்ட வழியைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

படி 1: பிள்ளைகளின் நோட்டுகள்

1935இல் அயர்லாந்தில் நாட்டுப்புறவியல் ஆணையம் ஒன்று அமைந்தது. 1937 முதல் 1939 வரை அது ஒரு பெரிய காரியம் செய்தது. ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "கட்டுரைக்குப் பதிலாக வீட்டுப் பெரியவர்களிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் கதை கேட்டு எழுதி வாருங்கள்" என்றது. சுமார் 5,000 பள்ளிகள், 50,000 பிள்ளைகள். வைத்தியம், புதையல், பேய், வானிலைக் குறி, ஊர்ப்பெயர்க் காரணம் எல்லாம் அதில் உண்டு. மூல நோட்டுகள் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருக்கின்றன. பக்கங்களின் படங்களை 'தூகஸ்' தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். தேடும்போது டி-யூ-சி-எச்-ஏ-எஸ் என்று அடியுங்கள்.

தளம் ஐரிஷில் திறந்தால் மேலேயே ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பள்ளித் தொகுப்புக்குள் போய்த் தலைப்பு வாரியாகவோ மாவட்ட வாரியாகவோ தேடுங்கள். பெரும்பாலான பக்கங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த வடிவம் பக்கத்திலேயே வரும், ஆனாலும் முதலில் கையெழுத்தைப் படியுங்கள். மை கொட்டிய இடம், அடித்துத் திருத்திய சொல், கடைசியில் "இதைச் சொன்னவர் இன்னார், வயது இவ்வளவு" என்ற வரி. எண்பது வயதுக் கிழவர் அடுப்பருகே சொல்ல, பன்னிரண்டு வயதுப் பிள்ளை எழுதியது என்று தெரிந்த பிறகு கதை வேறு மாதிரி கேட்கும். நாளைக்கு ஒன்று என்று பத்து நாள் படித்தால் போதும்.

படி 2: பெயர்களை வாய்விட்டுச் சொல்லுங்கள்

நான் இடறிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என்-ஐ-ஏ-எம்-எச் என்று ஒரு பெண் பெயர். நான் வெகுநாள் 'நியாம்' என்றே படித்தேன். உச்சரிப்பு 'நீவ்'. கனாக்ட் நாட்டு அரசி மேவின் பெயரை ஒரு புத்தகத்தில் எம்-இ-டி-பி என்றும், இன்னொன்றில் எம்-ஏ-இ-வி-இ என்றும், மூன்றாவதில் எட்டெழுத்து நீளத்திலும் எழுதியிருந்தார்கள். மூன்று வெவ்வேறு பெண்கள் என்று நினைத்துக்கொண்டே படித்திருக்கிறேன்!

மூன்று விஷயம் தெரிந்தால் பாதிச் சிக்கல் தீரும். எம் அல்லது பி-க்குப் பின்னால் எச் வந்தால் பெரும்பாலும் 'வ' ஒலி. சில இடங்களில் அது உயிரொலியோடு கரைந்துவிடும். எஸ் எழுத்தை ஒட்டி ஆங்கில ஐ அல்லது இ எழுத்து இருந்தால் பொதுவாக 'ஷ'. அதனால்தான் கதைகளில் வரும் மண்மேட்டுச் சனம் 'ஷீ', வீரன் ஒருவன் 'உஷீன்'. உயிரெழுத்தின் மேல் உள்ள சாய்கோடு நெடில் குறி. அதை விட்டால் பொருள் மாறும்: 'ஷான்' என்பது ஆள் பெயர், கோடில்லாத 'ஷன்' என்றால் 'பழைய'. கல்லுக்கும் காலுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, நோட்டுகளில் ஐரிஷ் மொழிப் பக்கம் கண்ணில் பட்டால் எழுத்துகளின் தலையில் புள்ளி தெரியும். தூசி என்றுதான் முதலில் நினைத்தேன். பழைய ஐரிஷ் எழுத்தில் அந்த எச்-க்குப் பதிலாக மெய்யெழுத்தின் மேல் புள்ளி வைப்பார்கள். நம் புள்ளி மெய்யிலிருந்து உயிரை எடுக்கிறது, அவர்கள் புள்ளி மெய்யையே இளக்குகிறது. தேடல் பெட்டியில் அடிக்கும்போது புள்ளி இருக்கும் இடத்தில் எச் போடுங்கள், கிடைத்துவிடும்.

உச்சரிப்புக்கு எனக்குப் பிடித்தது 'தியாங்லன்' என்ற இணைய அகராதி. அல்ஸ்டர், கனாக்ட், மன்ஸ்டர் என்று மூன்று வட்டாரக் குரல்களில் சொல்லைக் கேட்கலாம். அங்கே ஆள் பெயர் கிடைக்காவிட்டால் 'ஃபோர்வோ' தளம். செயற்கைக் குரலில் படிக்கும் செயலிகள் வேண்டாம், அவை ஐரிஷ் பெயர்களை ஆங்கிலமாக்கிவிடுகின்றன. ஒரு சிறு தாளில் பெயரையும் அதன் தமிழ் ஒலியையும் எழுதிப் புத்தகத்திலேயே செருகிவைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: 'தேவதை' என்ற சொல்லை மறந்துவிடுங்கள்

ஃபேரி என்றதும் இறகு வைத்த குட்டி உருவம் நினைவுக்கு வந்தால் இந்தக் கதைகள் புரியாது. 'ஷீ' என்பவர்கள் மண்மேடுகளுக்குள் வாழும் சனம். மனிதர் அளவு உயரம், சண்டை உண்டு, கோபம் உண்டு. ஊர்க்காரர்கள் அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கப் பயந்து 'நல்லவர்கள்' என்பார்கள். நாம் நாகத்தை நல்ல பாம்பு என்கிற அதே பயம்தான். வட்ட மண்கோட்டையில் நிற்கும் முள்மரத்தை வெட்டியவனுக்குக் கை வீங்கியது, மாடு செத்தது என்று நோட்டுகளில் திரும்பத் திரும்ப வரும்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு கொடூர முகமும் உண்டு. 1895இல் டிப்பரரி மாவட்டத்தில் பிரிஜட் கிளியரி என்ற பெண்ணை, "இவள் என் மனைவி இல்லை, அவர்கள் மாற்றி வைத்துவிட்டுப் போனவள்" என்று சொல்லிக் கணவனே எரித்தான். ஆஞ்சலா பர்க் 1999இல் இதைப் பற்றி எழுதிய நூலைப் படிக்காமல் இந்தக் கதைகளை 'அழகான பழைய நம்பிக்கை' என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பது என் கருத்து.

படி 4: இப்போது காவியம்

'தாய்ன்' என்பது மாடு கவரும் போரின் கதை. அரசி மேவும் கணவன் அலிலும் படுக்கையில் யாருக்குச் சொத்து அதிகம் என்று எண்ணிப் பார்க்கிறார்கள். எல்லாம் சமம், ஒரு வெள்ளைக்கொம்புக் காளை மட்டும் அவனிடம் கூடுதல். அதற்கு ஈடான காளைக்காக மேவ் படையெடுக்கிறாள். ஒற்றை ஆளாக நின்று தடுப்பவன் கூ ஹுலின். வெட்சியும் கரந்தையும் படித்த நமக்கு இது அந்நியமாக இருக்காது.

மொழிபெயர்ப்பில் தாமஸ் கின்செலாவையே (1969) வாங்குங்கள். லேடி கிரகரியின் 1902 நூல் இனிமையானதுதான், ஆனால் பலவற்றை விட்டுவிட்டதாக அவரே அர்ப்பணிப்புரையில் சொல்கிறார். ஃபின் மக்கூல் என்ற வீரனின் கதைகளுக்கு மட்டும் அவருடைய 1904 நூல்; குட்டன்பர்க் தளத்தில் இலவசம். மலிவாகக் கிடைத்த மின்னூல் ஒன்றை வாங்கி நெடில் குறியெல்லாம் கேள்விக்குறியாக வந்து அவதிப்பட்டேன். வாங்கும் முன் மாதிரிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

படி 5: புனைகதை

கிளேர் கீகனின் 2007 தொகுப்பில் கடைசிக் கதை முதலில். இறந்துபோன பாதிரியாரின் வீட்டில் குடிவரும் ஒரு பெண், பக்கத்து வீட்டில் ஆட்டோடு வாழும் ஒருவர். அவள் செய்யும் சின்னச் சின்னச் சாத்திரங்கள் எல்லாம் நோட்டுகளில் பார்த்த மாதிரியே இருக்கும். பிறகு ஏலிஷ் நீ கிவ்னவின் 1997 தொகுப்பு. அவர் நாட்டுப்புறவியல் படித்தவர், ஒரு பழங்கதையைத் துண்டு துண்டாக நவீனக் கதைகளுக்கு நடுவே பின்னியிருக்கிறார். அதன் பிறகு மார்ட்டின் ஓ கைன் 1949இல் ஐரிஷில் எழுதிய நாவல். அதில் பேசுகிறவர்கள் அத்தனை பேரும் கல்லறைக்குள் கிடக்கும் பிணங்கள், ஊர்வம்பு மட்டும் ஓயவில்லை. நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸுக்கு அவசரமில்லை.

சேர்க்கை: படித்துவிட்டு ஒரு தோழி, "பெல்ஃபாஸ்ட் பக்கத்து நோட்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லையே" என்று கேட்டார். அவர் தேடியதில் தவறில்லை. பள்ளித் திட்டம் தெற்கின் 26 மாவட்டங்களில் மட்டுமே நடந்தது, வட அயர்லாந்தின் ஆறு மாவட்டங்கள் அதில் சேரவில்லை. எல்லையை ஒட்டிய டோனிகால், மோனஹன் நோட்டுகளைத் திறந்து பாருங்கள், அல்ஸ்டர் பேச்சு அங்கே கேட்கும்.