திருகோணமலையில ஷூட்டிங் எண்டா இடத்துக்கு ஒரு பைல் கட்டுங்கோ

புதுசா புரொடக்ஷன் கோர்டினேட்டர் வேலைக்குப் போறவை பெர்மிஷன் எல்லாம் ஒரு பைல், பில் எல்லாம் ஒரு பைல், அக்ரிமெண்ட் எல்லாம் இன்னொரு பைல் எண்டுதான் பிரிப்பினம். ஒபிஸ் மேசையில பாக்க வடிவா இருக்கும், ஆனா விடிய அஞ்சு மணிக்கு கோட்டை வாசல்ல நிக்கேக்க அது உதவாது. நானும் அப்பிடித்தான் வச்சிருந்தன். ஒருநாள் பெர்மிஷன் பைல் மற்ற யூனிட்டின்ர வானோட நிலாவெளிக்குப் போயிட்டுது, நாங்கள் லைட்டும் கமராவுமா வாசல்ல ரெண்டு மணித்தியாலம் நிண்டம், கோட்டைக்குள்ள இருக்கிற சுவாமி மலையில எடுக்க வந்த சூரிய உதயம் கைவிட்டுப் போச்சு. அதுக்குப் பிறகு எனக்கு இடத்துக்கு ஒரு பைல், அந்தப் பைல் அந்த இடத்தை விட்டு அசையாது.

ஏனெண்டா இஞ்ச ஒரு இடம் எண்டா ஒரு கடிதம் இல்லை. பிரெட்றிக் கோட்டையை எடுங்கோ, அது தொல்லியல் திணைக்களத்துக்குரிய சின்னம், உள்ளுக்கு ஆமி இருக்கு, மேல ஏறினா கோணேசர் கோயில். மூண்டு பேரிட்டயும் தனித்தனியா கேக்கவேணும், கோயில்ல பூசை நேரத்தையும் கேட்டு எழுதுங்கோ. நிலாவெளிக் கடல்ல இருக்கிற புறாமலைத் தீவு 2003ல இருந்து தேசிய பூங்கா, அதுக்கு வனசீவராசிகள் திணைக்களம், போட்காரரோட தனி ஒப்பந்தம். ட்ரோனுக்கு சிவில் விமான சேவைகள் அதிகாரசபை. சீனன்குடாவில எயார்போர்ஸ், துறைமுகப்பக்கம் நேவி எண்டு இருக்கிற ஊர் இது, அதால ட்ரோன் பேப்பரைத்தான் எல்லாத்துக்கும் முதல் தொடங்குங்கோ. வெளிநாட்டு டீமோட வேலை எண்டா தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனத்தின்ர கடிதக் கொப்பியும் ஒவ்வொரு பைலிலயும் இருக்கட்டும்.

பைலின்ர முதல் பக்கத்தில கையெழுத்திலயே ஒரு தாள் வையுங்கோ: ஆர் பெர்மிஷன் தந்தது, எந்தத் திகதியில இருந்து எந்தத் திகதி வரை, எத்தினை மணிக்கு வெளிய வரவேணும், எத்தினை பேர், என்ன செய்யக்கூடாது. வாசல்ல கேக்கிறது இவ்வளவுதான். ஒறிஜினல் உங்கட தோள் பையில, மூண்டு கொப்பி அந்தப் பைலில, போட்டோ போனில.

கடிதம் எழுதேக்கயே மழைக்கு ஒரு மாற்று நாளும் சேத்துக் கேளுங்கோ, ஒக்டோபர் கடைசியில இருந்து ஜனவரி வரை இஞ்ச வானத்தை நம்பேலாது, திகதி மாறினா பழைய கடிதம் வெறும் தாள். போயா எண்ட பௌர்ணமி லீவு நாள்ல கந்தோர் பூட்டு, கலண்டரை முதல் பாருங்கோ.

பெயர்ப் பட்டியல்ல கனபேர் பிழை விடுறது ஐசி, அதாவது அடையாள அட்டை நம்பரிலதான். பழைய அட்டையில ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும், புதுசில 12 இலக்கம், போனில கேட்டு எழுதினா ஒரு இலக்கம் மாறும், அந்தப் பொடியன் வெளியதான் நிப்பான். அட்டையின்ர போட்டோவை வாங்கிப் பாத்து அடியுங்கோ. வாகன நம்பர், கமரா லென்ஸ் சீரியல் நம்பர் எல்லாம் அதிலயே வரட்டும்.

படத்தில வாறவையும் வீடு தாறவையும் சம்மதம் எண்டு கையெழுத்து வைக்கிற ரிலீஸ் போர்மில நான் விட்டுக்குடுக்க மாட்டன். கொழும்பில இருந்து வாற போர்ம் முழுக்க இங்கிலீஷ். கிண்ணியாவில வீடு தாற அம்மாவுக்கும் கரையில வலை இழுக்கிற ஐயாவுக்கும் அதை நீட்டி "இதில ஒரு சைன்" எண்டு கேக்கிறது நியாயமே இல்லை. தமிழிலயும் சிங்களத்திலயும் அடிச்சு வையுங்கோ, வாசிக்க விடுங்கோ, வாசிக்கத் தெரியாட்டி நீங்கள் வாசிச்சுக் காட்டுங்கோ. பிள்ளையள் எண்டா தாய் தகப்பன்ர கையெழுத்து.

இனி காசு. சாப்பாட்டுக் கடையில சிட்டை தருவினம், ஓட்டோக்காரர், ஐஸ் கொண்டாறவர், கதிரை வாடகைக்குத் தாறவர் கனபேர் ஒண்டும் தரமாட்டினம். அதுக்கு நீங்களே வவுச்சர் புத்தகம் கொண்டு திரியுங்கோ, பெயர், என்னத்துக்கு, எவ்வளவு, ஓட்டோ எண்டா நம்பரும் எழுதி அந்த இடத்திலயே கையெழுத்து எடுங்கோ, நாளைக்கு எடுப்பம் எண்டா ஆள் கிடைக்காது. சுப்பர்மார்க்கட், பெற்றோல் செட் மெஷின் பில்லுகள் வெக்கையில கொஞ்ச நாளில வெள்ளையாப் போயிடும், அண்டிரவே போட்டோ எடுத்து வெள்ளைத் தாளில ஒட்டி நம்பர் போடுங்கோ. போனில சேமிக்கேக்க வருஷம், மாசம், திகதி, இடம், நம்பர் எண்ட ஒழுங்கில பெயர் வச்சா தானா வரிசையா நிக்கும். எவ்வளவு களைச்சாலும் படுக்க முதல் கையில மிச்சக் காசையும் வவுச்சரையும் கூட்டிப் பாருங்கோ, நூறு ரூவா இடிச்சா அண்டைக்கே ஞாபகம் வரும், ஒரு கிழமை போனா வராது.

வீடு எடுத்தா போக முதல் எல்லா அறையையும் சுவரையும் போட்டோ எடுங்கோ, வேலை முடிஞ்ச நாள் அதே கோணத்தில திரும்ப எடுத்து வீட்டுக்காரரோட நிண்டு பாத்து, எல்லாம் சரி எண்டு அவர் கையெழுத்து வச்ச தாளை அந்த இடத்துப் பைலின்ர கடைசியில போட்டுக் கட்டுங்கோ. அட்வான்ஸ் மிச்சத்தையும் அந்த இடத்திலயே குடுத்திட்டு வாங்கோ.