ஸ்காட்லாந்து கிராமத்துல ஊர்ப்பேரும் கட்டடமும் பதிவு பண்றது எப்படி? (புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு)

மொதல்ல ஒரு பாரிஷைத் தேர்ந்தெடுங்க. பாரிஷ்னா சர்ச்சை வெச்சு பிரிச்ச பழைய எல்லை. உதாரணத்துக்கு பெர்த்ஷையர்ல இருக்கற ஃபோர்ட்டிங்கல் பாரிஷை எடுத்துக்கறேன். நீளமான க்ளென் லயன் பள்ளத்தாக்கும் இதுக்குள்ளதான் வருது, அதனால மொத்த பாரிஷையும் ஒரே மூச்சுல முடிக்கப் பாக்காதீங்க, மேப்ல 1 கிலோமீட்டர் சதுரம் ஒண்ணே ஒண்ணு, அது போதும்.

அடுத்து வீட்ல உக்காந்து மேப் பாருங்க. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தோட சைட்ல பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசாங்க நில அளவைத் துறை) மேப் எல்லாம் ஃப்ரீ, பக்கத்துலயே இன்னைக்கு சாட்டிலைட் படமும் வெச்சு பாக்கலாம். 19-ஆம் நூற்றாண்டு மேப்ல கூரை இருந்த கட்டடத்தையும் வெறும் சுவர் மட்டும் நின்னதையும் வேற வேற மாதிரி வரைஞ்சிருப்பாங்க, அதை நோட் பண்ணிக்கோங்க.

அடுத்து நேம் புக். அந்த மேப்புக்காக சர்வே பண்ணவங்க ஒவ்வொரு பேருக்கும் என்னென்ன ஸ்பெல்லிங் இருக்கு, யார் சொன்னாங்க, இடம் எங்க, எப்படி இருக்குன்னு கையால எழுதி வெச்ச நோட்டு இது, ஸ்காட்லாண்ட்ஸ்பிளேசஸ் சைட்ல ஸ்கேன் பண்ணி போட்டிருக்காங்க. சொன்னவங்க பெரும்பாலும் நிலக்காரர், பாதிரியார், வாத்தியார் மாதிரி ஆளுங்கதான், ஆடு மேய்ச்சவர் என்ன பேர் சொன்னாருன்னு அதுல தேடினா கிடைக்கறது கஷ்டம்.

இங்கதான் எல்லாரும் சொதப்புவாங்க: ஸ்பெல்லிங்கை திருத்தவே திருத்தாதீங்க! கிடைச்ச எல்லா வடிவத்தையும், எந்த வருஷம், எங்கேர்ந்து எடுத்ததுன்னு போட்டு தனித்தனி வரியா எழுதுங்க. ஃபோர்ட்டிங்கல்ங்கற பேர்ல கடைசில இருக்கற 'கல்' நமக்கு கல்லுன்னு தோணும், கேலிக் (ஸ்காட்லாந்து மலைப்பகுதியோட பழைய மொழி) அரைகுறையா தெரிஞ்சவருக்கு வெளியூர்க்காரன்னு தோணும். ஆனா கேலிக்ல ஊர் பேரு ஃபார்ஸ்டர்ஹில் (எழுதறது Fartairchill), கடைசில வர்றது சர்ச்சைக் குறிக்கற 'கில்' (இங்க 'ஹில்'னு ஒலி மாறியிருக்கு), கோட்டைகிட்ட இருக்கற சர்ச்னு அர்த்தம் சொல்றாங்க. அதுக்காக 'கில்'னு ஆரம்பிக்கற பேர் எல்லாம் சர்ச்னு முடிவு பண்ணிடாதீங்க, காட்டுக்கான 'கொய்லே'யும் சில இடத்துல அப்படி மாறியிருக்கு.

இப்பதான் ஊருக்குப் போகணும். ஸ்காட்லாந்தோட 2003 நிலச் சீர்திருத்தச் சட்டப்படி பொறுப்பா நடந்துகிட்டா வயல்வெளி, மலைன்னு நடக்கலாம், ஆனா வீட்டை ஒட்டின தோட்டத்துக்குள்ள கேக்காம காலை வைக்கக் கூடாது. கட்டடத்தை நாலு பக்கமும் போட்டோ எடுங்க, ஒரு போட்டோலயாவது அளவுகோல் தெரியணும். சுவர் எதால கட்டினது, கூரை என்ன, இப்ப யாராவது புழங்கறாங்களா, நீங்க பாத்த தேதி, கிரிட் நம்பர் (மேப்ல இடத்தைக் காட்டற எண்), இதெல்லாம் அங்கேயே எழுதிடுங்க (6 இலக்கம்னா 100 மீட்டர் சதுரத்தைத்தான் காட்டும், சின்ன கட்டடத்துக்கு 8 இலக்கம் போடுங்க).

பாத்த உடனே வயசு சொல்ற ஆசை வரும், அடக்கிக்கோங்க. ஃபோர்ட்டிங்கல்ல புல்லுக்கூரை வீடுங்களைப் பாத்தா 300 வருஷம் பழசுன்னு தோணும், ஆனா அதெல்லாம் 1890-ஐ ஒட்டி டொனால்ட் கரிங்கற கப்பல் முதலாளிக்காக ஜேம்ஸ் மக்லாரன்ங்கற ஆர்க்கிடெக்ட் டிசைன் பண்ணது.

கடைசியா எக்செல். பேருக்கு ஒரு ஷீட், கட்டடத்துக்கு ஒரு ஷீட், ரெண்டையும் நம்பரால இணைங்க, ஏன்னா பழைய வீடு இடிஞ்சு போயிருக்கும், பேரு மட்டும் அரை மைல் தள்ளி புது வீட்டு கேட்ல தொங்கிட்டிருக்கும்.