டெம்பரேச்சர் முள் மேலே ஏறினால் என்ன செய்வது: கத்திரி வெயிலில் கார் ஓட்டுபவர்களுக்கு

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டி எச் (H, அதாவது சூடு) பக்கம் நகர்ந்தால், அல்லது சிவப்பு விளக்கு எரிந்தால், ஏ.சி.யை அணைத்துவிட்டு ஓரமாக நிறுத்துங்கள், "பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி நிறுத்திக்கலாம்" என்ற பேச்சே வேண்டாம். நிறுத்த இடம் தேடும் அந்த ஒரு நிமிடத்துக்கு ஹீட்டரை முழுசாக வையுங்கள், ப்ளோயரும் முழு வேகம். மே மாதத்தில் வேலூரில் ஹீட்டரா என்று வீட்டில் திட்டுவார்கள், ஆனால் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் அந்த வழியாக உள்ளே வந்துவிடும்.

இது நான் பணம் கொடுத்துக் கற்றது. ஏலகிரி மலையில் பதினாலு கொண்டை ஊசி வளைவு, காரில் ஐந்து பேர், ஏ.சி. ஓடுகிறது. பாதி மலையில் முள் ஏற ஆரம்பித்தது. "இன்னும் கொஞ்சம்தான்டா மாப்ள, ஏத்திடு" என்றார் மாமா. அடுத்த வளைவிலேயே முள் மடமடவென்று கீழே இறங்கியது. "பாத்தியா, இறங்கிடுச்சு!" இறங்கவில்லை. ஹோஸ் பைப் பிய்ந்து கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், முழுக்க வெளியே போய்விட்டது. சென்சார் கூலன்டில் நனைந்திருந்தால்தான் சரியாகக் காட்டும், காலியானால் அது வெறும் காற்றைத்தான் அளக்கும். முடிவில் ஹெட் (இன்ஜினின் மேல்பகுதி) வளைந்து, அதன் அடியில் ஒழுகாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டும் போய், இன்ஜினைப் பிரித்தே வேலை பார்க்க வேண்டியதாயிற்று.

சரி, நிறுத்தியாயிற்று. பானெட்டைத் திறங்கள், ஆனால் ஆவி குபுகுபுவென்று வந்தால் அது அடங்கட்டும். ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. குக்கரில் விசில் அடங்காமல் மூடியைத் திறப்போமா? இதுவும் அதே கதைதான்: மூடி பிடித்து வைத்திருக்கும் அழுத்தத்தால் உள்ளே இருப்பது 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும், திறந்த நொடி மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது விடுங்கள், ஹோஸைத் தொட்டால் கை பொறுக்கிற சூடு வரட்டும், அப்புறம் தடிமனான துணி போட்டு மெதுவாகத் திருகுங்கள். ஃபேன் பக்கம் கை வேண்டாம், இன்ஜின் ஆஃப் ஆனாலும் அது தானாகச் சுற்றும். சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம்.

தண்ணீர் என்றதும் ஒன்று. நம் பக்கம் போர் தண்ணீர் எப்படி என்று பக்கெட்டின் உள்பக்கம் படிந்திருக்கும் வெள்ளையைச் சுரண்டிப் பார்த்தாலே தெரியும். அதே வெள்ளைதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். வழியில் வேறு கதியில்லை என்றால் எந்தத் தண்ணீரும் ஊற்றலாம், ஊர் வந்ததும் மொத்தமாக மாற்றிவிட வேண்டும். கெட்டியான கூலன்ட் வாங்கினால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைப் பாதிக்குப் பாதி கலப்பது வழக்கம். ரெடிமிக்ஸ் என்றால் அப்படியே ஊற்றலாம். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், பச்சையோ சிவப்போ கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும் வகைதான் கணக்கு.

வாரம் ஒரு தடவை, காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, கூலன்ட் ரிசர்வ் டேங்கில் அளவு மின், மேக்ஸ் கோடுகளுக்கு நடுவே இருக்கிறதா என்று பாருங்கள். முள் சொல்வதற்கு முன்பே இது சொல்லிவிடும். அடிக்கடி குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது, ஹோஸ் கிளிப் ஓரத்தில் காய்ந்துபோன கறை பூத்திருக்கும். வெளியே எங்கும் ஒழுக்கு இல்லை, ஆனால் ஆயில் மூடிக்கு அடியில் பால் கலந்த காபி மாதிரி இருக்கிறது என்றால் கூலன்ட் ஆயிலில் கலந்திருக்கலாம், காட்பாடி வரைகூட ஓட்டாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். இப்போது வரும் பல வண்டிகளில் முள்ளே கிடையாது, குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு, நடுவில் ஒன்றும் தெரியாது, அவர்களுக்கு இந்த டேங்க்தான் துணை.

கூலன்ட் தரையில் சிந்தினால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். இனிப்பாக இருக்கும், தெருநாய் நக்கும், அது கொடிய விஷம்.