குஞ்சு பொரிப்பு முதல் கொட்டகை வரை: கணக்கு வைக்கும் முறை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கறிக்கோழி வளர்ப்போர் பலர் குஞ்சு வண்டி வாசலுக்கு வந்த பிறகே நோட்டைத் திறக்கின்றனர். கணக்கோ பொரிப்பகத்தில் முட்டையை அடை இயந்திரத்தில் அடுக்கிய நாளிலேயே தொடங்க வேண்டும். முட்டை 18 நாள் செட்டரிலும் (அடைகாக்கும் பெட்டி) கடைசி 3 நாள் ஹேட்சரிலும் (குஞ்சு வெளிவரும் பெட்டி) இருப்பதால், அடுக்கிய தேதியுடன் 21 நாளைக் கூட்டி, அதற்குள் கொட்டகையைக் கழுவி உமி பரப்பி முடிக்கலாம்.

பொரிப்பு விகிதத்தைக் கேட்கும்போது, அது அடுக்கிய மொத்த முட்டைக்கா, கருவுற்ற முட்டைக்கு மட்டுமா என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். 10,000 முட்டை அடுக்கி 8,300 குஞ்சு கிடைத்தால் விகிதம் 83 சதவீதம். கருவுறாதவை 1,000 எனக் கழித்தால் அதே குஞ்சுகள் 92 சதவீதமாகத் தோன்றும். தாய்க்கோழி மந்தையின் வயதையும் பேட்ச் எண்ணையும் குறித்து வைத்தால்தான், முதல் வாரத்தில் இறப்பு கூடும்போது குறை பொரிப்பகத்திலா, நம் புரூடரிலா (குஞ்சுகளுக்கு வெப்பம் தரும் அமைப்பு) என்று பின்னோக்கிப் பார்க்க முடியும்.

சித்திரை வெயிலில் வண்டி விடியுமுன் வந்து சேருவது நல்லது. சில பெட்டிகளை எண்ணி, எடை போட்டு, கூடுதலாக வரும் குஞ்சுகளையும் வரவில் சேர்க்க வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகின்றனர். மறுநாள் காலையில் நூறு குஞ்சுகளின் கழுத்தடித் தீவனப்பையைத் தடவிப் பார்த்து, நிறைந்தவை எத்தனை என்றும் எழுதலாம்.