பழைய ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் காண்பது எப்படி? தொடக்க வாசகர்களுக்கான செய்முறை

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், குடியரசுத் தலைவர் பெயரால் அதில் அச்சிட்டிருக்கும் வேண்டுகோளை ஒருமுறை படித்துப் பாருங்கள். பாஸ்போர்ட் வைத்திருப்பவரை 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' செல்ல விட வேண்டும் என்று இருக்கும். 'லெட்' என்றால் அனுமதிப்பது என்றுதானே பள்ளியில் படித்தோம்? அந்தப் பொருளை இங்கே வைத்தால் வாக்கியமே தலைகீழாகிவிடும். இந்த 'லெட்' வேறு. இதற்குப் பொருள் தடை. ஒரு காலத்தில் 'தடு' என்பதற்கும் 'விடு' என்பதற்கும் ஆங்கிலத்தில் இரண்டு தனி வினைகள் இருந்தன. காலப்போக்கில் ஒலி தேய்ந்து இரண்டும் ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன. தடு என்ற பொருள் மெல்ல மறைந்து, பாஸ்போர்ட்டிலும் டென்னிஸ் களத்திலும் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஷேக்ஸ்பியர் நாடகம், 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிள், பழைய கிரயப் பத்திரம் என்று எதைத் திறந்தாலும் இப்படிப்பட்ட சொற்கள் வரும். இவற்றைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதைவிட ஒரு முறையாக அணுகுவது நல்லது. தமிழ் தெரிந்தவர்களுக்கு அது இன்னும் எளிது.

படி 1: ஆண்டைப் பாருங்கள்

பொருள் தேடுவதற்கு முன் அந்த எழுத்து எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று பாருங்கள். ஷேக்ஸ்பியர் எழுதியதைப் பலர் 'ஓல்ட் இங்கிலீஷ்' என்கிறார்கள். உண்மையில் அந்தப் பெயர் சுமார் 1100-க்கு முந்தைய ஆங்கிலத்துக்கு உரியது. அதை இன்றைய ஆங்கிலேயரும் தனியாகப் படித்தால்தான் புரியும். ஷேக்ஸ்பியர் (1564–1616) காலத்து ஆங்கிலம் நவீன ஆங்கிலத்தின் தொடக்கக் கட்டம். கொஞ்சம் பழகினால் நாமே படித்துவிடலாம். இந்தப் பதிவு அந்தக் கட்டத்தையும் அதற்குப் பிந்தியதையும் பற்றியது.

படி 2: 'தௌ' என்றால் நீ

தௌ என்றால் நீ, 'தீ' என்றால் உன்னை அல்லது உனக்கு, 'தை' என்றால் உன். அந்தக் காலத்தில் 'யூ' என்பது நீங்கள் என்பதற்கு நிகராக, பன்மைக்கும் மரியாதைக்கும் வந்தது. நீ, நீங்கள் வேறுபாட்டோடு வளர்ந்த நமக்கு இதில் விளக்கமே தேவையில்லை. 1603-இல் கடலோடியும் கவிஞருமான சர் வால்டர் ராலே மீது தேசத்துரோக வழக்கு நடந்தபோது, அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக் அவரைப் பார்த்து, உன்னைத் 'தௌ' என்றுதான் சொல்வேன், துரோகியே என்று சீறினார். நம் ஊர்ச் செய்தித்தாளாக இருந்தால் 'ஒருமையில் பேசினார்' என்று போட்டிருக்கும். ஆனால் கடவுளையும் தௌ என்றுதான் அழைத்தார்கள். 'அப்பன் நீ அம்மை நீ' என்று அப்பர் பாடினாரே, அதுபோல. ஆகவே தௌ வந்தாலே அவமதிப்பு என்று எடுத்துக்கொள்ளாமல், யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

வினைகளின் விகுதியையும் கவனியுங்கள். தௌ வந்தால் வினை பெரும்பாலும் 'எஸ்ட்' என்று முடியும். அவன், அவள், அது வந்தால் 'எத்' என்று முடியும். பத்திரங்களில் பெரிய எழுத்தில் வரும் 'விட்னெஸெத்' இந்த வகைதான்: இந்தப் பத்திரம் சாட்சி சொல்கிறது என்று பொருள். 'தௌ ஹாஸ்ட்' சரி, 'ஹீ ஹாத்' சரி. சினிமா வசனங்களிலும் மீம்களிலும் வரும் 'தௌ ஹாத்' தவறு. 'நீ வைத்திருக்கிறான்' என்று தமிழில் சொன்னால் எப்படி இருக்கும்!

படி 3: இ, அ, எ

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இங்கே, அங்கே, எங்கே என்பதில் முதல் எழுத்து மட்டும் மாறுகிறது, மற்றது அப்படியே நிற்கிறது. அண்மைக்கு இ, சேய்மைக்கு அ, வினாவுக்கு எ. ஆங்கிலத்திலும் இதே ஏற்பாடு முன்பு முழுமையாக இருந்தது. 'ஹெச்' நம் இ போல, 'டி-ஹெச்' நம் அ போல, 'டபிள்யூ-ஹெச்' நம் எ போல.

ஹியர், தேர், வேர்: இங்கே, அங்கே, எங்கே. இவை இன்றும் இருக்கின்றன.
ஹிதர், திதர், விதர்: இங்கு நோக்கி, அங்கு நோக்கி, எங்கு நோக்கி.
ஹென்ஸ், தென்ஸ், வென்ஸ்: இங்கிருந்து, அங்கிருந்து, எங்கிருந்து.

பின்னிரண்டு வரிசைகளும் வழக்கொழிந்து, 'ஹென்ஸ்' மட்டும் 'ஆகவே' என்ற பொருளில் நிலைத்துவிட்டது. பைபிளில் ஆதியாகமம் 16-ஆம் அதிகாரத்தில், வீட்டை விட்டு ஓடிவந்த ஆகாரிடம் தேவதூதன் கேட்கும் கேள்வியை கிங் ஜேம்ஸ் பைபிளில் பாருங்கள்: 'வென்ஸ் கேமெஸ்ட் தௌ? அண்ட் விதர் வில்ட் தௌ கோ?' வென்ஸ் என்றால் எங்கிருந்து. கேமெஸ்ட் என்பதில் எஸ்ட் விகுதி இருப்பதால் எதிரில் இருப்பது நீ. விதர் என்றால் எங்கு நோக்கி. எங்கிருந்து வந்தாய், எங்கே போகப் போகிறாய்? அகராதி இல்லாமலேயே ஒரு வாக்கியம் முடிந்தது.

பத்திர ஆங்கிலத்துக்கும் இதே சாவிதான். இந்தக் கூட்டுச்சொற்களில் ஹியர் என்றால் இது, தேர் என்றால் அது, வேர் என்றால் எது. 'ஹியர்பை' என்றால் இதனால், 'தேராஃப்' என்றால் அதன், 'வேரின்' என்றால் எதில். 'தேர்ஃபோர்' என்றால் அதனால் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் 'வேர்ஃபோர்' என்றால்? எதனால், எதற்காக.

இப்போது 'வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ' என்ற ஜூலியட்டின் வரிக்கு வாருங்கள். ரோமியோ எங்கே இருக்கிறாய் என்று அவள் தேடுவதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். அவள் கேட்பது, நீ எதற்காக ரோமியோவாக இருக்கிறாய் என்று. பகையான குடும்பத்தின் பெயரை ஏன் சுமக்கிறாய், அதை விட்டுவிடக் கூடாதா என்பது அவள் தவிப்பு. அடுத்து வரும் வரிகள் எல்லாம் பெயரைப் பற்றியே பேசுவது அதனால்தான்.

படி 4: தெரிந்த சொல்லைச் சந்தேகியுங்கள்

விநோதமான சொல் வந்தால் நாமே நின்று தேடுவோம். ஆபத்து தெரிந்த சொல்லில்தான் இருக்கிறது. கிங் ஜேம்ஸ் பைபிளின் 23-ஆம் சங்கீதத்தில் 'ஐ ஷால் நாட் வான்ட்' என்று வரும். எனக்கு வேண்டாம் என்று பொருள் இல்லை. 'வான்ட்' என்றால் அங்கே குறைவுபடுவது. தமிழ் பைபிளில் அந்த இடத்தில் 'நான் தாழ்ச்சியடையேன்' என்று இருக்கும். கிங் ஜேம்ஸ் பைபிளில் 'மீட்' என்றால் இறைச்சி மட்டும் இல்லை, பொதுவாக உணவு. செடிகளும் பழங்களும்கூட மீட்தான். 'சஃபர்' பல இடங்களில் துன்பப்படுவது இல்லை, அனுமதிப்பது. 'நைஸ்' ஒரு காலத்தில் முட்டாள்தனம் என்ற பொருளில் வந்தது.

வாக்கியம் பொருந்தாமல் இடித்தால், அதில் மிக எளிதாகத் தெரியும் சொல்லை முதலில் சோதியுங்கள். தமிழ் பைபிளையும் கிங் ஜேம்ஸ் பைபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது இதற்கு நல்ல பயிற்சி. எந்த மதத்தவரானாலும் செய்யலாம்.

சில இடங்களில் தமிழ் இலக்கணமே உதவிக்கு வரும். 'மீதிங்க்ஸ்' என்பதை 'நான் நினைக்கிறேன்' என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். சரியாகச் சொன்னால் அது 'எனக்குத் தோன்றுகிறது'. அதில் வரும் 'மீ' நான்காம் வேற்றுமை. நாளை மறுநாளுக்கும் 16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'ஓவர்மாரோ' என்று ஒரே சொல் இருந்தது. அது போனது பெரிய இழப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது.

படி 5: சரியான அகராதி

கைபேசியில் இருக்கும் மொழிபெயர்ப்புச் செயலி பெரும்பாலும் இன்றைய பொருளைத்தான் தரும். இலவசமாக வேண்டுமென்றால் ஆங்கில விக்ஷனரியில் தொடங்குங்கள். அதில் 'ஆப்சொலீட்' என்று குறி இருந்தால் அந்தப் பொருள் வழக்கொழிந்தது. 'ஆர்க்கெயிக்' என்றால் பழமை தோன்ற எழுதும்போது மட்டும் வரும். 'டேட்டட்' என்றால் வயதானவர்கள் இன்னும் சொல்லக்கூடும். இந்த மூன்று குறிகளையும் பார்க்காமல் பொருளை மட்டும் எடுக்காதீர்கள்.

18-ஆம் நூற்றாண்டு எழுத்துக்கு, சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதி இணையத்தில் கிடைக்கிறது. அந்தக் காலத்தவரே தந்த பொருள் என்பதால் நம்பிப் பார்க்கலாம். எந்த ஆண்டில் எந்தப் பொருள் இருந்தது என்று மேற்கோளோடு காட்டுவது ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதி. அதன் முதல் பதிப்பு 1884-இல் தொடங்கி 1928-இல்தான் முடிந்தது. இணையப் பதிப்புக்குச் சந்தா உண்டு.

பிரிட்டிஷ் காலத்து மதராஸ் கடிதங்களோ அறிக்கைகளோ படிப்பவர்களுக்கு, இந்தியாவில் புழங்கிய ஆங்கிலச் சொற்களுக்கான 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி அவசியம். ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஆர்தர் பர்னெலும் தொகுத்து 1886-இல் வெளிவந்தது. துபாஷ், கட்டுமரம் எல்லாம் ஆங்கிலத்தில் என்ன வேடம் போட்டிருக்கின்றன என்று அதில் பார்க்கலாம்.

படி 6: ஸ்கேன் செய்த புத்தகம் என்றால்

1800-க்கு முந்தைய அச்சில் 'எஸ்' எழுத்து நீளமாக, பார்வைக்கு 'எஃப்' போலவே இருக்கும். அதனால் 'பெஸ்ட்' என்ற சொல் 'பெஃப்ட்' என்று தெரியும். இணையத் தேடலிலும் அப்படியே பதிவாகியிருக்கும், எனவே இரண்டு விதமாகவும் தேடுங்கள். குறுக்குக்கோடு தண்டைத் தாண்டி வலது பக்கம் வந்தால் அது எஃப். இடது பக்கம் மட்டும் சிறு மொட்டு போல இருந்தால் எஸ். சொல்லின் கடைசி எழுத்தாக நீள எஸ் பொதுவாக வராது, அங்கே எஃப் போலத் தெரிந்தால் அது எஃப்தான்.