நசுங்கும் கார் ஏன் நல்ல கார்? தேங்காயோடு ஒரு கணக்கு

மட்டக்களப்பில் எந்தக் கராஜ் வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "முந்தின கார் எல்லாம் இரும்பு. இப்ப வாறது தகரம், லேசா இடிச்சாலே நசுங்குது." அந்த நசுங்கல்தான் உள்ளே இருப்பவரைக் காப்பாற்றுகிறது. பேனை, தாள், இரண்டு தேங்காய் எடுத்து வாருங்கள், பார்த்துவிடலாம்.

1. வேகத்தை மாற்றுங்கள். கல்முனை வீதியில் ஒரு கார் மணிக்கு 54 கிலோமீற்றரில் வருகிறது என்று வைப்போம். 3.6 ஆல் வகுத்தால் செக்கனுக்கு 15 மீற்றர். என்னிடம் படிக்கும் சாதாரண தரப் பிள்ளைகள் அதிகம் பிழைவிடுவது இங்கேதான்.

2. உந்தம் காணுங்கள். திணிவு × வேகம். காருக்கு வேண்டாம், உள்ளே இருக்கும் 60 கிலோ ஆளுக்குப் போடுங்கள்: 60 × 15 = 900. கார் மதிலில் மோதி நின்றாலும் இந்த 900 அவர் உடம்பில் அப்படியே இருக்கும். ஏதாவது ஒன்று அதைப் பூச்சியமாக்கியே ஆக வேண்டும்.

3. நேரத்தால் வகுங்கள். வருவது சராசரி விசை. சீட் பெல்ட் போட்டவர், காரின் முன்பக்கம் நசுங்க நசுங்க, 0.1 செக்கனில் நிற்கிறார் என்று எடுப்போம்: 9,000 நியூற்றன். பெல்ட் போடாதவர் டாஷ்போர்டில் அடிபட்டு 0.01 செக்கனில் நின்றால் 90,000. ஒரு கிலோவின் பாரம் சுமார் 10 நியூற்றன் என்று எடுத்தால், முன்னது 50 கிலோ அரிசி மூட்டை பதினெட்டின் பாரம், பின்னது நூற்றெண்பது மூட்டை!

இப்போது தேங்காய். உரித்தது ஒன்று, உரிக்காதது ஒன்று, இரண்டையும் தலை உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் விடுங்கள். உரித்தது வெடிக்கும். மற்றது உருண்டு போகும், ஏனென்றால் தும்பு அமுங்கி நேரத்தை நீட்டிவிடுகிறது. காரின் முன்பக்கம் தும்பு, ஆட்கள் இருக்கும் பகுதி சிரட்டை. முன்னது நசுங்க வேண்டும், பின்னது நசுங்கவே கூடாது. பேலா பரேனி என்ற பொறியியலாளரின் இந்த யோசனை 1959 இல் மெர்சிடிஸ் பென்ஸ் காரில் வந்தது. அதே ஆண்டில்தான் வொல்வோவில் நில்ஸ் பொலின் வடிவமைத்த மூன்றுமுனை சீட் பெல்ட்டும் வந்தது.

4. இரண்டு வாகனம் மோதினால்? 5,000 கிலோ லொறி செக்கனுக்கு 10 மீற்றரில் வந்து, நிற்கும் 500 கிலோ ஓட்டோவை இடித்து இரண்டும் ஒட்டிக்கொண்டு போகின்றன. மொத்த உந்தம் மாறாது, அதனால் சேர்ந்து போகும் வேகம்: 50,000 ÷ 5,500 = செக்கனுக்குச் சுமார் 9.1 மீற்றர். இரண்டின் மீதும் விழுந்த விசை ஒன்றேதான், நியூற்றனின் மூன்றாம் விதி. ஆனால் லொறியின் வேகம் 0.9தான் குறைந்தது, ஓட்டோவின் வேகம் 9.1 ஏறியது. அதே ஓட்டோ எதிரே வந்து மோதினால் இன்னும் மோசம், அதன் முன்சில்லுக்கும் சாரதியின் முழங்காலுக்கும் நடுவில் தும்புக்கு இடமே இல்லை.